கேன்டீன் பக்கம் உதித்த சூரியன்

"மன்னிப்பா? நானா? கையை ஒடிச்சுப் போட்டாலும் அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்!"

மேஜை மேல் விழுந்த அடியில் பேனா ஸ்டாண்ட் குப்புறக் கவிழ்ந்தது. சோடாபுட்டி தன் டீ கிளாஸை மட்டும் காப்பாற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

லாண்டரிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்தத் துப்பறியும் ஆபீசுக்கு அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. பயந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. சண்டை போடவே வந்த மாதிரி வந்தவர் இந்த அம்மாள்தான். தலையில் பாதி நரை. வங்கியில் கேஷியராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, மகள் காலேஜுக்குப் போகிற வயதில் தானும் புத்தகப் பையைத் தூக்கியவர். கூடப் படிக்கிறவர்கள் வைத்த பெயர் கேஷியரம்மா.

"உட்காருங்க. மேஜை பழசு, பாவம்," என்றாள் சித்தி.

சித்தி என்றால் சோடாபுட்டிக்குச் சித்தி. அம்மாவின் சொந்தத் தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாக போர்டு மாட்டியவள். ஆபீசில் 'மேடம்' என்று கூப்பிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். வீட்டில் வேலையில்லாமல் திரிந்த அக்கா மகனை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டது அவள் செய்த தப்பு. இரண்டாவதை அவளே எல்லோரிடமும் சொல்வாள்.

"எதுக்காக மன்னிப்பு கேட்கச் சொல்றாங்க?"

"உண்மையைச் சொன்னதுக்கு."

"அதுக்கு வழக்கமா உதைதான் கிடைக்கும். கடிதத்தோட விடறாங்கன்னா சலுகைதான்," என்றான் சோடாபுட்டி.

யாரும் சிரிக்கவில்லை. அவன் ஜோக்குக்கு யாரும் சிரிக்காதது அவனுக்குப் பழகிப்போன விஷயம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

கேஷியரம்மாவின் பையைச் சுமந்துகொண்டு ஒரு வாலிபன் பின்னாலேயே வந்து நின்றான். முழங்கையில் ஹெல்மெட் தொங்கியது. "இவன் என் பெஞ்சுதான். கூடப் பிறக்காத தம்பி. எங்க போனாலும் இவன்தான் கொண்டு விடறான்," என்றார் கேஷியரம்மா. "எல்லாரும் ஹெல்மெட்னு கூப்பிடுவாங்க மேடம்," என்று பணிவாகச் சிரித்தான் அவன். அதற்குள் கீழேயிருந்து லாண்டரிக்காரர், "யார் வண்டி இது? கடை வாசலையே அடைச்சு வெச்சிருக்கு!" என்று கத்தினார். ஹெல்மெட் பையை வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினான்.

"இப்ப முதல்ல இருந்து சொல்லுங்க. என்ன படிக்கிறீங்க?"

"கட்டடத்தைக் கம்ப்யூட்டர்ல கட்டுறது. சுவர் எதால ஆனது, ஜன்னல்ல என்ன கண்ணாடி, கூரை என்ன, உள்ள எத்தனை பேர், எத்தனை லைட், எல்லாத்தையும் சொல்லிட்டா போதும். எந்த ரூம் எப்ப சூடாகும், ஏசிக்கு எவ்வளவு கரன்ட் இழுக்கும்னு வருஷம் பூரா ஓட்டிக் காட்டிடும். சிமுலேஷன்."

"ஆளுங்களையும் போடுவீங்களா?"

"போடாம? கணக்குக்கு ஒரு ஆள்னா ஒரு நூறு வாட் பல்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலே அவ்வளவு சூடு."

சித்தி அக்கா மகனை ஒரு பார்வை பார்த்தாள். "இவனைப் போட்டா ஃப்யூஸ் போன பல்பா போடணும்."

கேஷியரம்மா இதற்குச் சிரித்தார். சோடாபுட்டிக்கு வயிறு எரிந்தது.

விஷயம் இதுதான். வகுப்புக்குப் பயிற்சியாகக் கொடுத்தது பக்கத்து ஆஸ்பத்திரியில் புதிதாகக் கட்டியிருக்கும் குழந்தைகள் வார்டு. எல்லோரும் அதைக் கம்ப்யூட்டரில் கட்டினார்கள். பிறகு நிஜ வார்டின் அறைகளில் வெப்பத்தைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டிகளை வைத்து, கம்ப்யூட்டர் சொன்னது சரியா என்று பார்த்தார்கள். கேன்டீன் பக்கத்து அறைகள் கொதித்தன. கம்ப்யூட்டர் சொன்னதோ அப்படியில்லை.

"மத்தவங்க எல்லாம் என்ன பண்ணாங்க தெரியுமா? கம்ப்யூட்டர்ல கண்ணாடியோட நம்பரை இழுத்து மாத்தி, ரெண்டையும் ஒத்துப்போக வெச்சு மார்க் வாங்கிட்டாங்க. நான் மாத்தல. என் மாடல் சரி. கண்ணாடிதான் வேறன்னு வகுப்பிலேயே எழுந்து சொன்னேன். பிளான்ல இருக்கிறது வெயிலை வடிகட்டுற பூச்சு போட்ட கண்ணாடி. அங்க மாட்டியிருக்கிறது சாதா கண்ணாடி. கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"ஒண்ணைக் கழட்டி டெஸ்டுக்கு அனுப்பலாமே?"

"கழட்டினா உடையும், யார் பொறுப்புங்கிறார் வார்டு கட்டின கான்ட்ராக்டர். தன் மேல நான் அவதூறு சொல்றேன்னு குதிச்சார். சரி, எல்லார் முன்னாடியும் ரூமைப் பூட்டி சீல் வெச்சு இன்னொரு வாரம் அளந்து பார்க்கலாம்னு முடிவாச்சு. அளந்தாங்க. அளவு வந்துச்சு." பையிலிருந்து ஒரு வரைபடத் தாளை எடுத்து மேஜையில் எறிந்தார். "ரூம் எல்லாம் குளுகுளுன்னு இருக்காம். சாயங்காலம் கூட்டம். நான் மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போடணும், இல்லேன்னா படிப்பை விட்டு வெளியே போகணும். போட்டா பெரிய டாக்டரம்மா இன்னைக்கே வார்டு சாவியை வாங்கிடுவாங்க. அப்புறம் அந்த ரூம்ல பச்சைக் குழந்தைங்க."

"ஏசி இருக்குமில்ல?"

"நல்ல கண்ணாடின்னு நம்பி சின்ன ஏசியா வாங்கியிருக்காங்க மேடம். இந்த வெயிலுக்கு அது பத்தாது."

சித்தி தாளைத் தன் பக்கம் திருப்பினாள். நாளுக்கு ஒரு மேடு, அறைக்கு ஒரு கோடு. காலையில் ஏறி, உச்சியைத் தொட்டு, இரவில் இறங்கும் அழகான மேடுகள். எதிலும் ஒரு பிசிறு இல்லை.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த சோடாபுட்டி, "இது எந்த வாரம்? போன வாரமா?" என்றான். "அப்ப புதன்கிழமை எப்படி வெயில் அடிச்சுது?"

"ஏன், அன்னைக்கு என்ன?"

"மழை சித்தி! விடிஞ்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் கொட்டித் தீர்த்துச்சே. கீழ லாண்டரியில என்னோட ஒரே நல்ல பேன்ட் காயவே இல்ல. ஈர பேன்ட்டோட ஃப்ரெண்டு கல்யாணத்துக்குப் போனேன். நான் எழுந்திரிச்ச நாற்காலியைப் பார்த்துட்டு யாரும் என் பக்கத்துலயே உட்காரல."

அவன் 'சித்தி' என்று சொன்னதை அவள் கண்டிக்கவில்லை. விரல் புதன்கிழமை மேட்டின் மேல் நின்றது. செவ்வாய் மாதிரியே, வியாழன் மாதிரியே, வெயிலில் பளபளக்கும் ஒரு மேடு.

கேஷியரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வெதர் ஃபைல்! சிமுலேஷனுக்கு எந்தக் கிழமை மழை பெஞ்சுதுன்னு தெரியாது. பல வருஷத்துச் சராசரி வானிலையைத்தான் வெச்சு ஓட்டும். மேடம், இது அளந்ததே இல்ல. யாரோ கம்ப்யூட்டர்ல ஓட்டி எடுத்து, அளவுன்னு பேர் வெச்சிருக்காங்க! இருங்க, இப்பவே போய்..."

"உட்காருங்க. மழையை மட்டும் சொன்னா பெட்டி கெட்டுப்போச்சுன்னு கையை விரிச்சிடுவாங்க. ஓட்டினது யாருன்னு தெரியணும். அதுவரைக்கும் இதை வெளியில மூச்சு விடாதீங்க. யார்கிட்டயும்."

கட்டடங்களை எப்படிக் குளுமையாக வைப்பது என்று சொல்லித்தருகிற அந்த லேபில் ஒரே ஒரு மின்விசிறி கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பழைய கட்டடத்தின் மாடி. வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'அன்பளிப்பு' என்று கான்ட்ராக்டரின் ஸ்டிக்கர். அவற்றுக்கு நடுவில் வாத்தியார், பல்வலி வந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஒரே ஒரு வரி. போட்டுட்டுப் போயிடுங்களேன்," என்றார் கேஷியரம்மாவைப் பார்த்ததுமே.

"ஒரு எழுத்துகூடக் கிடையாது சார்."

சித்தி ஹெல்மெட்டின் பக்கம் திரும்பினாள். "தம்பி, எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வரியா? வெளியில நிக்கிற உங்க வகுப்புப் பிள்ளைங்களுக்கும் சேர்த்து." அவன் முகம் சுளிக்காமல் போனான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று சோடாபுட்டிக்கே லேசாகப் பொறாமை வந்தது.

"அந்த அளவு உங்க கைக்கு எப்படி வந்துச்சு சார்?"

"எல்லார் முன்னாடியும் சீலை உடைச்சுப் பெட்டிகளை எடுத்தோம். அளவு பென்டிரைவ்ல ஏறி வந்துச்சு, நான் பிரின்ட் போட்டேன். பெட்டிகளை அழிச்சு அடுத்த வகுப்புக்குக் கொடுத்தாச்சு. நடுவுல யாரும் இல்லம்மா."

சித்தி வரைபடத்தை அவர் முன்னால் விரித்தாள். "இந்தக் கோடு காலையிலயே விறுவிறுன்னு ஏறுதே. இது எந்தப் பக்கத்து ரூம்?"

"கேன்டீன் பக்கம்."

கேஷியரம்மா தாளை வெடுக்கென்று பிடுங்கினார். கோபத்தில் இதுவரை அவரும் உச்சியில் இருந்த அளவை மட்டும்தான் பார்த்திருந்தார். இப்போது கண்கள் கோட்டின் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறின.

"கேன்டீன் பக்கம் மேற்கு. அங்க மத்தியானத்துக்கு மேலதான் வெயில் வரும்." "மேடம்... இது என் சூரியன்."

"உங்க சூரியனா?"

வாத்தியார் தலையைப் பிடித்துக்கொண்டார். சொன்னது அவர்தான். பிளானில் வடக்குப் பார்த்த வாசலைத் தாளின் அடியில் வரைந்திருந்தார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி அது. தாளின் மேல்பக்கம்தான் வடக்கு என்று நினைத்து, கேஷியரம்மா தன் முதல் கட்டடத்தை அப்படியே பின்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டார். அவர் மாடலில் சூரியன் மேற்கே இருக்கும் கேன்டீன் பக்கம் உதித்தது. வாத்தியார் அதைத் திரையில் போட்டு, 'நம்ம அம்மா கட்டடத்துல சூரியன் கேன்டீன்ல டீ குடிச்சிட்டுத்தான் கிளம்புதாம்' என்றார். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கேஷியரம்மா அன்று சாயங்காலமே திருத்திவிட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு அவரை விடவில்லை. கண்ணாடி வேறு என்று எழுந்து சொன்ன நாளிலும், 'திசையே தெரியாதவங்க கண்ணாடியைக் கண்டுபிடிச்சிட்டாங்க' என்று அதே சிரிப்புதான் திரும்பி வந்தது.

"அந்தத் திரும்பின கட்டடம் உலகத்துலயே ஒண்ணுதான் இருந்துச்சு," என்றார் கேஷியரம்மா. "என் கட்டடத்தைத் திருடி, அதுல நல்ல கண்ணாடியை மாட்டி ஓட்டி, என்னையே பொய்க்காரி ஆக்கியிருக்காங்க." சட்டென்று வாத்தியார் பக்கம் பாய்ந்தார். "உங்ககிட்டதானே சார் அந்த ஃபைலைக் கொடுத்தேன்!"

"அம்மா, யோசிச்சுப் பேசுங்க! திருடறவன் ஊரே சிரிச்ச ஃபைலையா திருடுவான்? சிரிக்க வெச்சதே நான்!"

"சரியாச் சொன்னீங்க," என்றாள் சித்தி. "அது தப்பான ஃபைல்னு தெரிஞ்ச யாரும் அதைத் தொட மாட்டாங்க. தெரியாத ஆள்தான் எடுத்திருக்கான். வேற யாருக்கு அதைக் கொடுத்தீங்க?"

"கேட்டவங்களுக்கெல்லாம் காட்டினேன். முதல் கட்டடமாச்சே. அவ்வளவு ஆசை."

"அப்ப அந்த ஜோக் தெரியாத ஆள் யாருன்னு பார்க்கணும். சிரிக்காத ஆள்."

"என் ஜோக்குக்கு ஊர்லயே யாரும் சிரிக்கிறதில்லையே. எல்லாரையும் உள்ள தள்ளிடலாமா?" என்றான் சோடாபுட்டி.

"அதனாலதான் இன்னைக்கு உன் ஜோக் வேண்டாம். வாத்தியார் ஜோக்கைச் சொல்லு. போ."

வராந்தாவில் மாலை வகுப்புக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட் காகிதக் கப்புகளை நீட்டிக்கொண்டே வந்தான். பின்னாலேயே வந்த கேஷியரம்மா, அவனுக்கே டீ மிஞ்சவில்லை என்பதைப் பார்த்துத் தன் கப்பிலிருந்து பாதியை ஊற்றிக் கொடுத்தார். எதற்காக இங்கே நிற்கிறோம் என்று தெரிந்தும் அதைச் செய்தார். அவர் சந்தேகக் கணக்கில் அந்தப் பிள்ளை சேரவே இல்லை.

சோடாபுட்டி ஒரு வாய் குடித்துவிட்டு உரக்கச் சொன்னான். "டீ ஆறிப்போச்சே! சூரியன் இன்னைக்கும் கேன்டீன் பக்கம்தான் உதிச்சுதோ? நல்ல டீயை எல்லாம் அதுவே குடிச்சிட்டுப் போயிருக்கும்!"

வராந்தாவே வெடித்தது. ஒருத்தி டீயைத் துப்பினாள். ஒருவன் சுவரில் சாய்ந்துகொண்டு குலுங்கினான். எல்லோர் கண்ணும் கேஷியரம்மா மேல் போய்த் திரும்பின. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டமே தன் வாயைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு சோடாபுட்டிக்கு உள்ளம் குளிர்ந்தது. ஒரு நொடிதான்.

ஒருவன் மட்டும் கையில் கப்போடு மற்றவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாத முகம்.

"இதுல என்ன ஜோக்?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டான் ஹெல்மெட்.

"நீ அன்னைக்கு வரலையா?"

"காய்ச்சல்னு லீவு போட்டிருந்தேன். அக்கா பெஞ்சுங்கிறதால அப்புறமும் யாரும் என்கிட்ட சொல்லல."

சோடாபுட்டி சிரிப்பை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைப் பார்த்தான். கேஷியரம்மா ஊற்றிக் கொடுத்த பாதி டீ இன்னும் அந்தக் கப்பில் அப்படியே இருந்தது. சோடாபுட்டிக்குக் கோபத்தை முந்திக்கொண்டு வருத்தம்தான் வந்தது. உள்ளே போய்ச் சித்தியிடம் சொன்னான்.

"அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றான்.

"நாம சொல்லக் கூடாது. அவன் வாயாலயே வரணும்."

கூட்டம் அதே லேபில் நடந்தது. கான்ட்ராக்டர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா ஒரு ஓரமாக, கைப்பையை மடியில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தார். பெட்டிகளைச் சுமந்தவன் என்று ஹெல்மெட்டையும் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். மேஜையின் நடுவில் மன்னிப்புக் கடிதம். அதன் மேல், மூடி கழற்றிய பேனா.

"படிக்க வேண்டிய வயசுல படிச்சிருந்தா இந்தக் குழப்பமெல்லாம் வராது," என்றார் கான்ட்ராக்டர் சிரித்தபடி.

"அந்த வயசுல பயம் இருந்துச்சு சார். இப்ப அது போயிடுச்சு," என்றார் கேஷியரம்மா.

சித்தி வரைபடத்தை எடுத்து டாக்டரம்மாவின் முன்னால் வைத்தாள். புதன்கிழமையைக் காட்டினாள். அந்த நாள் மழையை டாக்டரம்மாவுக்கு நினைவிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் முழங்கால் தண்ணீர். கான்ட்ராக்டர் எதிர்பார்த்தபடியே கையை விரித்தார். "பெட்டி கோளாறா இருக்கும். மெஷின்தானே."

"இருக்கலாம்," என்றாள் சித்தி சாதுவாக. "பெட்டி எந்த ரூம்ல எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சவர் சொல்லட்டும். தம்பி, நீதானே அதையெல்லாம் தூக்கிட்டு வந்தே? கேன்டீன் பக்க ரூம்ல வெயில் எப்ப வரும்?"

மழைக் கேள்வி தன் பக்கம் வராமல் போனதே என்ற நிம்மதியில் ஹெல்மெட் உடனே பதில் சொன்னான். "காலையில மேடம். மத்தியானத்துக்கு அப்புறம் நிழல்தான்."

கான்ட்ராக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கட்டிய கட்டடம், அவருக்குத் தெரியும்.

"கொஞ்சம் அந்த ஜன்னல்கிட்ட போய்ப் பாருப்பா," என்றாள் சித்தி.

ஜன்னலுக்கு வெளியே புதிய வார்டு நின்றது. கேன்டீன் பக்கத்துக் கண்ணாடிகள் அத்தனையும் மாலை வெயிலில் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தன. ஹெல்மெட் பார்த்தான். இத்தனை தடவை அந்த வழியாக வண்டி ஓட்டியவன் அந்தச் சுவரைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை போலிருந்தது.

"சூரியன் அந்தப் பக்கம் உதிக்கிறது இந்த அம்மாவோட முதல் மாடல்ல மட்டும்தான். நீ கட்டடத்தைப் பார்க்கல. அந்த ஃபைலைத்தான் பார்த்திருக்கே. அதைத்தான் ஓட்டி, பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு வந்து கொடுத்திருக்கே. வாத்தியார் நடுவுல யாரும் இல்லன்னார். பெட்டி தூக்கிட்டு வர்றவனை யார் ஆளா எண்ணுவாங்க?"

கேஷியரம்மா மெதுவாக எழுந்து அவன் முன்னால் போய் நின்றார்.

"நீயாடா?"

"வேலை போட்டுத் தரேன்னார்க்கா..." அவன் கண் கான்ட்ராக்டரைத் தேடியது. கான்ட்ராக்டர் கூரையைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன, ஒரு சர்டிஃபிகேட்தானே போகப் போகுதுன்னு..."

"என் முதல் கட்டடத்தை உன்கிட்ட கொடுத்தேனேடா. மகளுக்குக்கூட அப்புறம்தான் காட்டினேன்." அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "காப்பி அடிக்கிறவன் அது சரியான்னாவது பார்த்து அடிக்கணும். போ. வெளியில போய் நில்லு."

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளக்கூட மறந்து வெளியே போனான்.

கான்ட்ராக்டர் தொண்டையைச் செருமினார். "சரி, ஏதோ பையன் புத்தி. கடிதம் வேண்டாம். அம்மா படிப்பை முடிச்சு சர்டிஃபிகேட் வாங்கிக்கட்டும். ஆனா ஒண்ணு. அந்த அளவு பொய்ங்கிறதால என் கண்ணாடி பொய்னு ஆயிடுமா? அது எங்க நிரூபணம் ஆச்சு?"

அந்த ஆள் சொன்னது வாஸ்தவம். வாத்தியார் முகத்தில் பல்வலி தீர்ந்த தெளிவு வந்தது. "வாங்கிக்குங்கம்மா. இதுக்கு மேல என்ன வேணும்?" இது அந்த அம்மாளின் சண்டை என்று சித்தி விட்டுவிட்டாள்.

"எந்திரிங்க," என்றார் கேஷியரம்மா. "எல்லாரும். சாவி யார்கிட்ட?"

கேன்டீன் பக்கத்து மூலை அறை. பிளாஸ்டிக் உறை பிரிக்காத தொட்டில்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. கேஷியரம்மா எல்லோரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, அதை ஒட்டி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். லேபிலிருந்து எடுத்து வந்திருந்த ஒரு வெப்பப் பதிவுப் பெட்டியை மடியில் வைத்தார்.

"ஏசியைப் போடுங்க. உங்க ஏசிதான், முழு வேகத்துல வைங்க. நாம ஆறு பேர். ஆறு பல்பு. அதையும் கணக்குல சேர்த்துட்டேன், கூட்டத்தால சூடுன்னு அப்புறம் சொல்லக் கூடாது. பிளான்ல இருக்கிற கண்ணாடின்னா இந்நேரத்துக்கு இங்க ஒரு போர்வை கேட்பீங்க. சாதா கண்ணாடின்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. உட்காருங்க."

"இது என்ன அடாவடி?" என்றார் கான்ட்ராக்டர்.

"நான் உட்கார்றேன்," என்றார் பெரிய டாக்டரம்மா. அன்று அவர் பேசிய முதல் வார்த்தை. ஜன்னலோரத் தொட்டிலின் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டார். அவர் உட்கார்ந்த பிறகு யாரும் நிற்க முடியவில்லை.

ஏசி முதலில் உறுமியது. பிறகு முனகியது. வெயில் கண்ணாடி வழியாகத் தடையில்லாமல் இறங்கித் தொட்டில்களின் மேல் படுத்துக்கொண்டது. சோடாபுட்டியின் கண்ணாடி மூக்கில் வழுக்கியது. வாத்தியார் கையில் அகப்பட்ட தாளால் விசிறிக்கொண்டார். கான்ட்ராக்டரின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டி, உள்ளே போட்டிருந்த பனியனின் ஓட்டை தெரிந்தது. ஜோக் ஒன்று சோடாபுட்டியின் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. தொட்டில்களைப் பார்த்தபோது சொல்லத் தோன்றவில்லை.

கடைசியில் கான்ட்ராக்டர்தான் எழுந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் வந்தார்.

"கதவைத் திறங்கம்மா. மூச்சு முட்டுது."

கேஷியரம்மா அசையவில்லை. "உங்களுக்குக் கேட்கத் தெரியுது சார். இதுல படுக்கப் போறதுங்களுக்குக் கேட்கத் தெரியாது."

டாக்டரம்மா தொட்டிலின் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டிருக்க வேண்டும், கையை எடுத்துக்கொண்டார். எழுந்து வந்து, ஜன்னல் திட்டில் கிடந்த வார்டு சாவிக்கொத்தைக் கான்ட்ராக்டரின் ஈரக் கையில் வைத்து மூடினார்.

"ஒரு கண்ணாடியை இன்னைக்கே கழட்டுங்க. உடைஞ்சா நான் பொறுப்பு. டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், எல்லாக் கண்ணாடியும் மாறட்டும், அப்புறம் பேசலாம்."

கதவு திறந்தது. வராந்தாக் காற்று உள்ளே வந்தபோது அதுவே ஏசி மாதிரி இருந்தது. எல்லோரும் முண்டியடித்து வெளியேறினார்கள். வாத்தியார் மட்டும் விசிறியபடியே தயங்கி நின்றார்.

"அந்தத் தாளைக் கொடுங்க சார்," என்று கையை நீட்டினார் கேஷியரம்மா.

அது மன்னிப்புக் கடிதம். வாத்தியார் பதறிப்போய்க் கொடுத்தார். கேஷியரம்மா அதைத் தொட்டிலின் விளிம்பில் வைத்து நீவி, வெற்றுப் பக்கத்தைத் திருப்பினார். கையில் இருந்த பெட்டியைப் பார்த்து அறை, நேரம், வெப்பம் மூன்றையும் எழுதினார். அடியில் ஓர் அம்பு போட்டு, சூரியன் எந்தப் பக்கம் என்று குறித்தார்.

பிறகு, கையை ஒடித்தாலும் போட மாட்டேன் என்று சொன்ன அந்தத் தாளில், தன் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்.